இரண்டு ஏப்ரல் ஒன்பதுகள்

நோர்வேஜியர்களுக்கு ஏப்ரல் 9 ஒரு கசப்பான நாள். 1940ஆம் ஆண்டு அந்த நாளில்தான் நாஜி யேர்மனியின் படைகள் இந்த நாட்டுக்குள் புகுந்தன. யுத்தம் முடிந்தபின் "இனி ஒருபோதும் ஏப்ரல் 9 வேண்டாம்" என்பது இங்கே ஒரு சுலோகமாகவே வழங்கிவந்தது. இன்றும் அந்த நாள் வந்தால் வானொலியிலும் பத்திரிகைகளிலும் அதைப் பற்றிப் பேசாமல் விடமாட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் அப்படியொரு ஏப்ரல் 9 அன்று, நான் வேலைசெய்யும் உணவகத்தின் குசினியில் வானொலி அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்ற என்னிடம் கூட வேலைசெய்யும் நோர்வேஜியர் ஒருவர் கேட்டார்: "உங்கள் நாட்டில் நடந்தது உள்நாட்டு யுத்தம்தானே? உலக யுத்தம் அங்கெல்லாம் வரவில்லை, இல்லையா?"

வந்தது என்றேன். இதே ஏப்ரல் 9இல்தான் எங்கள் பக்கத்துக்கு வந்தது என்றேன். உங்களுடைய கப்பலொன்றும் அன்று எங்கள் கடலில் அழிந்தது என்றேன். அவர் நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரித்தார். அதற்குமேல் விளக்கிச் சொல்ல என்னுடைய நோர்வேஜிய மொழி போதவில்லை. அடுப்பில் சட்டி வேறு காத்திருந்தது.

அன்றிரவு ரொம்மனுக்குத் திரும்பும் பாதாள ரயிலில் இருந்து யோசித்தபோது, எனக்கே இந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும் என்பது விளங்கியது. அம்மம்மா சொன்னது கொஞ்சம். பல்கலைக்கழகத்தில் இருந்த இரண்டு வருடங்களில் நூலகத்தில் தட்டுப்பட்டது கொஞ்சம். அந்தப் படிப்பு 2007இல் யுத்தத்தோடு நின்றுபோயிற்று. மிச்சத்தை வேலை இல்லாத நாட்களில் ஒஸ்லோ நூலகங்களில் தேடி வாசித்தேன். நான் வரலாற்று ஆசிரியன் அல்லன். ஆனாலும் இரண்டு ஏப்ரல் ஒன்பதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கடல் யுத்தத்தை விமானம் எப்படித் தலைகீழாக்கியது என்ற முழுக் கதையும் அவற்றுக்குள் கிடப்பதாகப் பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

விமானம் பறக்கத் தொடங்கி ஏழு வருடங்கள்கூட முழுதாக ஆகாத நிலையில், 1910 நவம்பர் 14இல் அமெரிக்கரான இயூஜின் ஈலி ஒரு போர்க்கப்பலின் மேல் கட்டிய மரத்தட்டிலிருந்து விமானத்தைக் கிளப்பிக் காட்டினார். இரண்டு மாதங்களின் பின் இன்னொரு கப்பலில் இறங்கியும் காட்டினார். இரண்டு முறையும் கப்பல் ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஓடும் கப்பலில் முதலில் இறங்கியவர் பிரித்தானியரான டனிங். அது 1917 ஓகஸ்ற் 2இல் நடந்தது. ஐந்து நாட்களின் பின் அதையே மறுபடி செய்ய முயன்றபோது அவர் கடலில் விழுந்து இறந்தார்.

நோர்வேயும் இதில் பின்னிற்கவில்லை. இந்நாட்டின் முதலாவது இராணுவ விமானம் தரைப்படையினுடையது அன்று, கடற்படையினுடையது. நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரிகள் முன்னின்று பணம் திரட்டி வாங்கிய யேர்மன் விமானம் அது. 'ஸ்ரார்ட்' என்று பெயர் வைத்து, 1912 யூன் 1ஆம் திகதி ஹன்ஸ் டொன்ஸ் என்ற கடற்படை அதிகாரி ஹோர்ட்டனிலிருந்து ஒஸ்லோ நீரிணையைக் கடந்து அதை ஓட்டிச் சென்றார். கடலுக்கு அடியில் போகப் பழகியவர்களே வானத்தின் பயனை முதலில் கண்டுகொண்டார்கள் என்பது சுவாரசியமான விடயம். இரண்டுமே எதிரிக்குத் தெரியாத திசையிலிருந்து வருபவை.

முதலாம் உலக யுத்தத்தின் முடிவில் பிரித்தானியர் ஒரு புதுவகைக் கப்பலைக் கட்டத் தொடங்கினார்கள். அதுவரை இருந்த விமானந்தாங்கிக் கப்பல்கள் வேறு தேவைக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் மாற்றியமைக்கப்பட்டவை. இதுவோ அடியிலிருந்தே விமானந்தாங்கி என்று வரைந்து, 1918 சனவரியில் கட்டத் தொடங்கிய கப்பல். 'ஹேர்மிஸ்' என்று பெயரிட்டார்கள். கட்டி முடித்துச் சேவையில் சேர்க்க 1924 ஆகிவிட்டது. அதற்கிடையில் பின்னால் தொடங்கிய யப்பானியர் முந்திக்கொண்டு, 1922 டிசம்பரிலேயே தங்கள் 'ஹோஷோ' கப்பலைச் சேவையில் இறக்கிவிட்டார்கள்.

யப்பானியருக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? பிரித்தானியர்தான். 1921இல் செம்பில் என்ற பிரபுவின் தலைமையில் ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட குழுவொன்று யப்பானுக்குப் போய், அந்நாட்டுக் கடற்படையினருக்கு விமானம் ஓட்டவும், குண்டு போடவும், வானிலிருந்து ரோர்பிடோ விடவும் பயிற்சி கொடுத்தது. ஹோஷோவின் தட்டில் முதன்முதலில் இறங்கிக் காட்டியவரும் ஒரு பிரித்தானியரே. அந்தச் செம்பில் பிரபு பின்னாளில் யப்பானுக்கு இரகசியங்களைக் கொடுத்துவந்தவர் என்பதும் வெளிவந்தது. இந்தக் குருவும் சீடனும் இருபது வருடங்களின் பின் எங்கே சந்தித்தார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

*

அந்த இருபது வருடங்களும் கடற்படைத் தளபதிகள் ஒரே கேள்வியில் சண்டைபிடித்துக்கொண்டிருந்தார்கள். தகரமும் துணியுமாகக் கட்டிய ஒரு விமானம், ஓர் அடிக்கு மேல் தடித்த இரும்புக் கவசம் பூண்ட போர்க்கப்பலை மூழ்கடிக்குமா? 1921இல் அமெரிக்காவின் பில்லி மிச்சல், யேர்மனியிடமிருந்து கிடைத்த பழைய போர்க்கப்பல் ஒன்றை விமானக் குண்டுகளால் மூழ்கடித்துக் காட்டினார். "நின்ற கப்பல், ஆளில்லாத கப்பல், திருப்பிச் சுடாத கப்பல்" என்று தளபதிகள் அதைத் தட்டிக்கழித்தார்கள்.

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்று கிலோமீற்றர் உயரத்திலிருந்து விடும் குண்டு கடலைத் தொட இருபத்தைந்து விநாடி வரை ஆகும். அதற்குள் விரைந்தோடும் கப்பல் முந்நூறு மீற்றருக்கு மேல் தள்ளிப் போய்விடும், வளைந்தும் போய்விடும். ஓடுகிற முயலுக்குப் பனையின் உச்சியிலிருந்து கல் போடுவது மாதிரித்தான்.

இதற்கு இரண்டு வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்று, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பறந்து வந்து ரோர்பிடோவைத் தண்ணீரில் விடுவது. அது கவசமில்லாத அடிவயிற்றில் துளை போடும். மற்றது, செங்குத்தாகக் குத்தி இறங்கி, ஐந்நூறு மீற்றர் அளவில் குண்டை விட்டுவிட்டு மேலெழுவது. இப்படி வரும் குண்டு இரண்டு மூன்று விநாடியில் இறங்கிவிடுவதால் கப்பலுக்குத் திரும்ப நேரம் கிடையாது. நம்மவர்கள் 'குத்தி அடிக்கிறான்' என்று சொன்னது இதைத்தான். பொம்மர், சகடை, கிபிர் என்று விமானங்களைச் சத்தத்தை வைத்தே பிரித்தறியப் பழகிய சனத்துக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

*

முதலாவது ஏப்ரல் 9. 1940.

அன்று விடியற்காலை யேர்மனியின் புத்தம்புதிய கனரகப் போர்க்கப்பலான 'புளூஹர்', ஒஸ்லோவைப் பிடிக்கும் படையினரோடு நீரிணைக்குள் நுழைந்தது. ட்ரோபாக் அருகே நீரிணை ஒடுங்கும் இடத்தில் ஒஸ்கார்ஸ்போர்க் கோட்டை இருக்கிறது. அதன் தளபதி எரிக்சன், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் சுடச் சொன்னார். அவரிடம் இருந்த பீரங்கிகள் 1890களில் வாங்கியவை. 'மோசே', 'ஆரோன்' என்று வேதாகமப் பெயர்கள் கொண்டவை. கரையிலிருந்து விட்ட ரோர்பிடோக்களும் நாற்பது வருடப் பழையவை. சேவைக்கு வந்து ஒரு வருடமும் ஆகாத புளூஹர், பல நூறு பேரோடு அங்கேயே மூழ்கியது. அந்தத் தாமதத்துக்குள் அரசரும் பாராளுமன்றமும் நாட்டின் தங்கமும் ஒஸ்லோவை விட்டுத் தப்பின.

நோர்வேஜியர்கள் பெருமையோடு சொல்லும் கதை இது. சொல்லவும் வேண்டும். ஆனால் அதே நாளின் மற்றப் பாதியையும் பார்க்கவேண்டும். கடல்வழி அடைபட்டாலும் ஒஸ்லோ அன்றே வீழ்ந்தது. யேர்மன் விமானங்கள் ஒஸ்லோவுக்குப் பக்கத்திலிருந்த ஃபோர்ணெபு விமான நிலையத்தில் இறங்கின. எரிபொருள் தீர்ந்துபோன சண்டை விமானங்கள் முதலில் இறங்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, பின்னால் படையினரை ஏற்றிய விமானங்கள் வந்தன. சிறு தொகைப் படையினர் நடந்தே வந்து தலைநகரைப் பிடித்தார்கள். புளூஹரை வென்ற கோட்டைமீது அன்று பகல் மணிக்கணக்காகக் குண்டு விழுந்தது. மறுநாள் அதுவும் சரணடைந்தது. கடல்வாசலைக் காத்த பழைய பீரங்கிகளால் தலைக்கு மேலே திறந்துகிடந்த வாசலைக் காக்க முடியவில்லை.

அதே நாள் நோர்வேயின் மேற்குக் கடலில் பிரித்தானிய நாசகாரிக் கப்பலான 'கூர்க்கா'வை யேர்மன் விமானங்கள் மூழ்கடித்தன. மறுநாள், ஏப்ரல் 10 அன்று, பிரித்தானியரின் முறை வந்தது. ஸ்கொத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஓர்க்னித் தீவிலிருந்து பதினாறு 'ஸ்குவா' விமானங்கள், போய்வரும் எரிபொருள் மட்டுமட்டாக இருக்க, வட கடலைக் கடந்து பேர்கனுக்கு வந்தன. அங்கே கரையோரப் பீரங்கிகளால் காயப்பட்டு நின்ற யேர்மன் போர்க்கப்பல் 'கெனிக்ஸ்பேர்க்'மீது குத்தி இறங்கி அடித்தன. கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. யுத்தமொன்றில் ஒரு பெரிய போர்க்கப்பல் விமானத் தாக்குதலால் மூழ்கியது உலக வரலாற்றில் அதுவே முதல் தடவை. வந்த விமானங்களில் ஒன்றுதான் திரும்பவில்லை.

இரண்டு மாதங்களின் பின் இன்னொரு பாடம். நோர்வேயை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த பிரித்தானிய விமானந்தாங்கி 'குளோறியஸ்', யூன் 8இல் இரண்டு யேர்மன் போர்க்கப்பல்களின் கண்ணில் பட்டது. கப்பலில் விமானங்கள் இருந்தன. ஆனால் சுற்றுப்புறத்தைப் பார்த்துவர ஒன்றுகூட வானில் அனுப்பப்பட்டிருக்கவில்லை. எதிரி வருவது பிந்தித் தெரிந்தது. அந்தக் கப்பலோடும் கூடவந்த இரண்டு நாசகாரிகளோடும் 1,519 பேர் இறந்தார்கள். விமானந்தாங்கியின் பலம் அதன் தட்டில் இல்லை, அதற்கு மேலே வானத்தில் இருக்கிறது என்பதை அந்த நாள் காட்டியது.

*

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1940 நவம்பரில் இருபத்தொரு 'சோட்ஃபிஷ்' விமானங்கள் இத்தாலியின் தரந்தோ துறைமுகத்தில் மூன்று போர்க்கப்பல்களைச் செயலிழக்கச் செய்தன. 1941 மேயில் யேர்மனியின் மிகப் பெரிய போர்க்கப்பல்களில் ஒன்றான 'பிஸ்மார்க்'கின் சுக்கானை அதே வகை விமானம் ஒன்று முடக்கியது. அசையமுடியாமல் நின்ற அதற்குக் கடைசி ரோர்பிடோக்களை விட்டது 'டோர்செற்ஷயர்' என்ற பிரித்தானியக் கப்பல். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யப்பானியர் இவற்றைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய சொந்த யோசனை வேறு. விமானந்தாங்கிகளைப் போர்க்கப்பல்களுக்குத் துணையாக ஒவ்வொன்றாகப் பிரித்து அனுப்பாமல், எல்லாவற்றையும் ஒரே படையணியாகச் சேர்த்து, நூற்றுக்கணக்கான விமானங்களை ஒரே நேரத்தில் ஏவுவது. 1941 டிசம்பர் 7இல் ஆறு விமானந்தாங்கிகளோடு பேர்ள் துறைமுகத்தை அடித்தார்கள். மூன்று நாட்களின் பின் மலாயாக் கடலில் 'பிறின்ஸ் ஒஃப் வேல்ஸ்', 'றிப்பல்ஸ்' என்ற இரண்டு பெரும் பிரித்தானியப் போர்க்கப்பல்களைத் தரையிலிருந்து சென்ற விமானங்களால் மூழ்கடித்தார்கள். அவை துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் அல்ல, திருப்பிச் சுட்டுக்கொண்டு ஓடிய கப்பல்கள். பழைய விவாதம் அன்றோடு முடிந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் அந்தமான் தீவுகள் பறிபோயின. அடுத்தது இலங்கை.

*

1942 ஏப்ரல் 4, பின்னேரம். இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 350 மைல் தூரத்தில் ரோந்து சென்ற பேர்ச்சல் என்ற கனேடிய விமானி, அடிவானத்தில் யப்பானியக் கடற்படையைக் கண்டார். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. யுத்தம் முடியும்வரை அவர் யப்பானியரின் கைதி. ஆனால் செய்தி கொழும்பை எட்டிவிட்டது. அன்றிரவே துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல வெளியே அனுப்பப்பட்டன.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து ஏறத்தாழ 125 விமானங்கள் காலையில் கொழும்பை அடித்தன. துறைமுகத்தில் இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கின. பொதுமக்களும் இறந்தார்கள். முதல்நாளிரவு கொழும்பை விட்டுத் தப்பிச் சென்ற டோர்செற்ஷயரும், 'கோர்ண்வால்' என்ற அதன் சோடிக் கப்பலும் பிற்பகலில் கண்டுபிடிக்கப்பட்டன. சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக் குத்தி இறங்கிய விமானங்கள் இருபது நிமிடங்களுக்குள் இரண்டையும் மூழ்கடித்தன. 424 பேர் இறந்தார்கள். மிஞ்சிய 1,122 பேர் மறுநாள் மீட்கப்படும்வரை நீரில் மிதந்தார்கள். பிஸ்மார்க்கை முடித்துவைத்த கப்பல் ஒரு வருடம் தாண்டவில்லை.

மறுநாள் ஆந்திரக் கரையில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் வேறொரு யப்பானிய அணி குண்டு வீசியது. சென்னைப் பட்டினத்தில் பீதி பிடித்து, அந்த மாதம் அரசாங்க அலுவலகங்களும் சனமும் உள்நாட்டுக்கு வெளியேறின. நகுமோவின் பெரிய அணி வங்கக் கடலில் சுற்றி வந்து திருகோணமலையை நோக்கித் திரும்பியது.

இரண்டாவது ஏப்ரல் 9. 1942, வியாழக்கிழமை.

ஹேர்மிஸ் அப்போது திருகோணமலையில்தான் நின்றது. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து, முதல்நாளிரவு அதையும் 'வம்பயர்' என்ற அவுஸ்திரேலிய நாசகாரியையும் தெற்கே கரையோரமாகப் போகச் சொன்னார்கள். காலை ஏழு மணிக்குப் பின் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலையை அடித்தன. சீனன்குடா விமானத் தளத்திலிருந்து எழுந்த 'ஹரிகேன்' விமானங்கள் எதிர்த்து நின்று பாதியளவில் விழுந்தன. துறைமுகத்தில் 'சகாயிங்' என்ற வணிகக் கப்பல் எரிந்தது. அதன் சிதைவை இலங்கைக் கடற்படை 2018இல்தான் மேலே தூக்கியது. எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேல் யப்பானிய விமானம் ஒன்று விழுந்து நாட்கணக்காக எரிந்தது என்பதைத் திருகோணமலைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆபத்து முடிந்தது என்று எண்ணி ஹேர்மிசைத் திரும்பி வரச் சொன்னார்கள். அதற்குள் யப்பானியப் போர்க்கப்பலொன்றின் உளவு விமானம் அதை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுவிட்டது. ஏறத்தாழ 85 குத்திக் குண்டுபோடும் விமானங்கள் கிளம்பின. இருபது வரையான விமானங்களைக் காவக் கட்டிய ஹேர்மிசில் அன்று ஒரு விமானமும் இருக்கவில்லை. அதன் சோட்ஃபிஷ் அணியைச் சீனன்குடாவில் இறக்கி விட்டிருந்தார்கள். இரத்மலானையிலிருந்து அனுப்பிய சண்டை விமானங்கள், கப்பல் மூழ்கிய பின்பே வந்துசேர்ந்தன. பேர்கனில் கெனிக்ஸ்பேர்க்கை அடித்த அதே 803ஆம் அணியும் அப்போது இலங்கையில்தான் இருந்தது என்பதை வாசித்தபோது எனக்கு ஒருகணம் புத்தகத்தை மூடிவிடத் தோன்றியது.

காலை 10.35 அளவில் தொடங்கிய தாக்குதல் இருபது நிமிடங்களில் முடிந்தது. அடியிலிருந்தே விமானந்தாங்கி என்று வரைந்து உலகில் முதலில் கட்டத் தொடங்கிய கப்பலை, அந்தக் கலையைப் பிரித்தானியரிடம் படித்தவர்களின் விமானங்கள் மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். தொடர்ந்து வம்பயரும் 'ஹொலிஹொக்' என்ற சிறு போர்க்கப்பலும் இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் போயின. கூடவே 'நோர்வீக்கன்' என்ற நோர்வேஜிய வணிகக் கப்பலும் அன்று அதே கடலில் குண்டுவீச்சில் அழிந்தது. தன் நாடு பறிபோன இரண்டாம் ஆண்டு நிறைவு நாளில், வீட்டிலிருந்து எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், மட்டக்களப்புப் பக்கத்தில் அழிந்தது. குசினியில் நான் சொல்லி, நண்பர் நம்பாத கப்பல் இதுதான். 'வீற்றா' என்ற மருத்துவக் கப்பல் தண்ணீரில் கிடந்த அறுநூறு பேர் வரை ஏற்றிச் சென்றது.

*

யப்பானியர் இலங்கையில் இறங்கவில்லை. பிரித்தானியக் கடற்படையின் பெரும்பகுதி கிழக்கு ஆபிரிக்காவுக்குப் பின்வாங்கியது. இதை யப்பானின் முழு வெற்றியென்றே அன்று எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் அதற்குள்ளே ஒரு விதை கிடந்தது. ஏப்ரல் 9 அன்று கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பிய ஒன்பது 'பிளெனம்' விமானங்கள் நகுமோவின் தலைமைக் கப்பலான 'அகாகி'யின் தலைக்கு மேல் வந்துவிட்டன. குண்டுகள் விழும்வரை யப்பானியர் அவற்றைக் காணவேயில்லை. ஒரு குண்டும் படவில்லை, ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. ஏப்ரல் 5இலும் தரையைத் தாக்கக் குண்டு பூட்டுவதா, கப்பலைத் தாக்க ரோர்பிடோ பூட்டுவதா என்று தட்டில் மாற்றி மாற்றிப் பூட்டி நேரம் போனது. இரண்டு எச்சரிக்கைகளையும் யப்பானியர் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, யூன் 4இல், மிட்வே தீவருகே அதே தடுமாற்றத்தில் நிற்கும்போது அமெரிக்க விமானங்கள் வந்து குத்தி இறங்கின. இலங்கைக்கு வந்த ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று அங்கே அழிந்தன.

நோர்வேயில் இந்தக் கதையின் கடைசி அத்தியாயம் 1944 நவம்பர் 12இல் எழுதப்பட்டது. பிஸ்மார்க்கின் சகோதரக் கப்பலான 'ரிர்பிற்ஸ்', துரொம்சோ அருகே தீவொன்றின் மறைவில் நின்றது. ஐந்து தொன்னுக்கு மேல் நிறைகொண்ட குண்டுகளோடு வந்த பிரித்தானிய விமானங்கள் அதைக் கவிழ்த்தன. ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். அதைக் காப்பதற்கென யேர்மன் சண்டை விமானங்கள் பக்கத்துத் தளத்தில் இருந்தன. அவை வந்துசேரவில்லை. மட்டக்களப்பில் ஹேர்மிசுக்கு நேர்ந்ததேதான். கப்பல் பெரிதோ சிறிதோ, அதற்கு மேலுள்ள வானம் யாருடையதோ அவர்களுடையதுதான் கடலும்.

*

என் அம்மம்மா கல்லடியைச் சேர்ந்தவர். 1942இல் அவருக்குப் பத்து வயது. ஊரில் பழைய சனம் ஆண்டைச் சொல்லமாட்டார்கள். "யப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" என்பார்கள். "கடல்ல முழக்கம் கேட்டிச்சு மனே. மழையும் இல்ல, மேகமும் இல்ல. பிறகு புகை எழும்பிச்சு. நாங்க தண்ணிக்குள்ள நிண்டு பாத்தம்" என்று அம்மம்மா சொல்வார். அந்தக் கப்பல் கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றரில், ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழத்தில் இன்றும் கிடக்கிறது. ஊர் மீனவர்களுக்கு அது வலை சிக்கும் இடம். எங்கள் சிறுவயதில் யுத்தத்தால் அந்தக் கடலுக்குப் போகத் தடை இருந்தது. யுத்தம் முடிந்தபின் வெளிநாட்டவர்கள் வந்து சுழியோடிப் படம் எடுக்கிறார்கள்.

அம்மம்மாவின் தாய்மாமன் ஒருவர் திருகோணமலைத் துறைமுகத்தில் கூலிவேலைக்குப் போயிருந்தார். அந்த ஏப்ரலுக்குப் பின் அவர் வீட்டுக்கு வரவில்லை. குண்டில் செத்தாரா, பயந்து வேறெங்கும் ஓடினாரா, ஒரு தகவலும் இல்லை. அவருடைய தாய் சாகும்வரை மகனுக்கு ஒரு கோப்பை சோறு எடுத்து வைத்தாள் என்று அம்மம்மா சொல்வார். சின்ன வயதில் அதை ஒரு கதையாகக் கேட்டேன். 2006இலும் 2007இலும் வாகரைப் பக்கம் கிபிர் அடித்தபோது, அப்படிச் சோறு எடுத்து வைக்கும் தாய்மாரை நேரிலேயே கண்டேன். 2008 ஓகஸ்றில் விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் குண்டு வீசின. அறுபத்தாறு வருடங்களின் பின் அதே துறைமுகம் மீண்டும் வானத்திலிருந்து அடி வாங்கியது.

ஹேர்மிசில் இறந்தவர்களின் பெயர்கள் பிரித்தானியாவில் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. நோர்வேயின் கடலோடிகளுக்கு ஸ்ராவணில் நினைவு மண்டபம் இருக்கிறது. ஆனால் நோர்வேஜியர்களும் இதை இலேசில் செய்துவிடவில்லை. யுத்த காலத்தில் ஆயிரம் வரையான வணிகக் கப்பல்களில் உழைத்த அந்த மாலுமிகளை யுத்தத்துக்குப் பின் நாடு நீண்டகாலம் கவனிக்கவில்லை. நரம்புத் தளர்ச்சியோடும் குடியோடும் பலர் ஒதுங்கி இறந்தார்கள். அரசாங்கத்தின் சார்பில் பாதுகாப்பு அமைச்சர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2013இல்தான். நினைவு வைத்திருப்பதும் ஒரு வேலை, அதை யாரோ ஒருவர் இருந்து செய்யவேண்டும் என்பதை நான் இந்த நாட்டில்தான் கண்டேன்.

திருகோணமலைத் துறைமுகத்தில் அன்று இறந்த எங்கள் தொழிலாளர்களுக்கு ஒரு பெயர்ப்பலகையை நான் கண்டதில்லை. போர்க்கப்பல்களின் நீளமும் அகலமும் எந்த நூலகத்திலும் கிடைக்கின்றன. அம்மம்மாவின் மாமனுடைய பெயரோ, அவர் போனபின் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சின்னத்தம்பி என்றும் சொல்கிறார்கள், அது வீட்டுப்பேராக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள்.

குசினி நண்பருக்கு அடுத்த ஏப்ரலில் நோர்வீக்கன் கப்பலைப் பற்றி நூலகத்திலிருந்து எடுத்துவந்து காட்டினேன். அவர் கைகளைத் துடைத்துவிட்டு, நின்றபடியே வாசித்தார். தன் பாட்டனாரின் தமையனும் கடலோடியாக இருந்து திரும்பி வராதவர் என்று அதன் பின்தான் சொன்னார். எத்தனையோ வருடம் பக்கத்தில் நின்று வேலைசெய்திருக்கிறோம்.

இதை வாசிப்பவர்களில் திருகோணமலையையோ மட்டக்களப்பையோ சேர்ந்தவர்கள் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் "யப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" என்று சொல்லும் முதியவர் யாராவது இன்னும் இருந்தால், இன்றைக்கே தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். சொல்வதை எழுதி இந்தச் சஞ்சிகைக்கு அனுப்புங்கள். அன்று துறைமுகத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர் தெரிந்தால் முதலில் அதை எழுதுங்கள்.